ரத்தக்குழாயை விரிக்கும் பிரஷர் மாத்திரைகள்: முதல் வேளையிலிருந்து கால் வீக்கம் வரை முழுமையான வழிகாட்டி

மருந்தாளுநராகக் கவுண்ட்டரில் நிற்கும்போது இரண்டு வகைப் பேரை அடிக்கடி பார்க்கிறேன். முதல் வகை, கால் வீங்கியதும் மாத்திரையைத் தானாகவே நிறுத்திவிட்டவர்கள். இன்னொரு வகை, அந்த வீக்கத்துக்கென்று வேறொரு மாத்திரையைத் தொடங்கியவர்கள். எந்த மாத்திரை உடம்பில் என்ன செய்யும், எதை முதலில் கவனிக்க வேண்டும் என்ற வரிசை தெரிந்திருந்தால் இரண்டு பேருக்குமே சிக்கல் வந்திருக்காது. அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன். இதைப் படித்துவிட்டு மாத்திரையையோ அளவையோ நீங்களாக மாற்றாதீர்கள். அடுத்த முறை டாக்டரிடம் சரியான தகவலோடு போய் உட்கார இது உதவும்.

ஒரு அடிப்படை விஷயம் புரிந்தால் மற்றதெல்லாம் சுலபம். சிறு தமனிகளின் சுவரில் தசை இருக்கிறது. அது இறுகினால் பிரஷர் ஏறும், தளர்ந்தால் இறங்கும். இந்த மாத்திரைகள் அந்தத் தசையைத் தளர்த்துகின்றன. உடம்பு இதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்காது. பிரஷர் குறைவதைக் கண்டு இதயத்தை வேகமாகத் துடிக்க வைக்கும். சிறுநீரகம் உப்பையும் நீரையும் பிடித்து வைக்கும். படபடப்பு, தலைவலி, வீக்கம், எடை ஏறுவது என்று நீங்கள் கேள்விப்படும் பக்கவிளைவுகளில் பாதிக்கு மேல் குழாய் விரிவதாலும் இந்த இரண்டு எதிர்வினைகளாலும் வருபவைதான்.

1. கையில் இருப்பது எது என்று முதலில் பாருங்கள்

"பிரஷர் மாத்திரை" என்று சொன்னால் மட்டும் போதாது. அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரைப் படியுங்கள். எந்தப் பக்கவிளைவை எதிர்பார்க்க வேண்டும் என்பது அந்தப் பெயரைப் பொறுத்தது.

அம்லோடிபின், நிஃபெடிபின், சில்னிடிபின் ஆகியவை தசைக்குள் கால்சியம் நுழைவதைத் தடுத்துக் குழாயைத் தளர்த்துபவை. நம் ஊரில் பெரும்பாலானோர் சாப்பிடுவது இந்த வகைதான். இதில் முதன்மையாகக் கவனிக்க வேண்டியது கால் வீக்கம்.

பிரசோசின், டாக்சசோசின் ஆகியவை குழாயை இறுக்கும் நரம்புச் சமிக்ஞையைத் தடுப்பவை. சிறுநீரக நோயாளிகளின் சீட்டில் பிரசோசினை அடிக்கடி பார்க்கலாம். இங்கே கவனிக்க வேண்டியது, எழுந்து நிற்கும்போது வரும் கிறுகிறுப்பு.

ஹைட்ரலசின், மினாக்சிடில் இரண்டும் தசையை நேரடியாகத் தளர்த்துபவை. வேகமும் வலுவும் அதிகம் என்பதால் மற்ற மருந்துகள் போதாதபோதுதான் பெரும்பாலும் எழுதப்படும்.

எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன் ஆகியவையும் கடைசியில் குழாயை விரிப்பவைதான். ஆனால் வழி வேறு. ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடும் சிலருக்கு விடாத வறட்டு இருமல் வரும். அதைச் சளி என்று நினைத்து மாதக்கணக்கில் இருமல் மருந்து குடிப்பவர்கள் உண்டு.

பெயரைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் தடுமாறுவார்கள். ஒன்று, எஸ்-அம்லோடிபின். இதில் 2.5 மி.கி. என்பது சாதாரண அம்லோடிபின் 5 மி.கி.க்குச் சமம். "முன்னாடி 5 சாப்பிட்டேன், இதில் 2.5தானே இருக்கிறது" என்று இரண்டு மாத்திரை போட்டால் அளவு இரட்டிப்பாகிவிடும்.

இரண்டாவது, கூட்டு மாத்திரை. டெல்மா ஏஎம் போன்றவற்றில் டெல்மிசார்ட்டனோடு அம்லோடிபினும் இருக்கிறது. பழைய சீட்டில் இருக்கும் ஸ்டாம்லோவையோ அம்லாங்கையோ அதோடு சேர்த்துச் சாப்பிட்டால் ஒரே மருந்து இரண்டு பெயரில் உள்ளே போகிறது. இரண்டு டாக்டர்களிடம் போகிறவர்கள், ஆஸ்பத்திரியில் இருந்து டிஸ்சார்ஜ் ஆகி வந்தவர்கள் இதைக் கட்டாயம் சரிபார்க்க வேண்டும். வீட்டில் இருக்கும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருந்துக்கடைக்கு எடுத்துப் போனால் சில நிமிடங்களில் தெரிந்துவிடும்.

2. முதல் மாத்திரைக்கு முன் எழுதி வைக்க வேண்டியவை

பலர் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகிறார்கள். மாத்திரைக்கு முன் உடம்பு எப்படி இருந்தது என்று தெரியாவிட்டால், பின்னால் வரும் மாற்றம் மாத்திரையால் வந்ததா என்று யாராலும் சொல்ல முடியாது.

பிரஷர் அளவு: டாக்டர் உடனே தொடங்கச் சொல்லவில்லை என்றால், காலையும் மாலையும் ஒரு வாரம் எழுதுங்கள். அளப்பதற்கு முந்தைய அரை மணி நேரம் காபி, டீ, பீடி, சிகரெட் வேண்டாம். ஐந்து நிமிடம் முதுகு சாய்த்து, பாதம் தரையில் படும்படி உட்காருங்கள். கை இதயத்தின் மட்டத்தில் மேசைமேல் இருக்கட்டும். பட்டையைச் சட்டைக்கு மேல் சுற்றாதீர்கள். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை அளந்து இரண்டையும் எழுதுங்கள். முதல் நாள் எண்களை விட்டுவிட்டு மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வீட்டுச் சராசரி 135/85க்குக் கீழே இருக்கிறதா என்பதுதான் பார்க்க வேண்டியது.

கை பருமனாக இருப்பவர்கள் பெரிய பட்டை வாங்க வேண்டும். சின்னப் பட்டை பிரஷரை உள்ளதைவிடக் கூட்டிக் காட்டும். அதை நம்பி மருந்தைக் கூட்டினால் மயக்கத்தில்தான் முடியும்.

நின்றபடி அளவு: உட்கார்ந்து அளந்த பிறகு எழுந்து நின்று ஒரு நிமிடத்தில் ஒரு முறை, மூன்று நிமிடத்தில் ஒரு முறை அளக்க வேண்டும். மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் மாத்திரை தொடங்கும் முன்பே டாக்டரிடம் சொல்லுங்கள். முதியவர்களுக்கும் நீண்டகால சர்க்கரை நோயாளிகளுக்கும் இது முக்கியம். அவர்கள் விழுந்தால் இடுப்பு எலும்புக்கே ஆபத்து.

எடை, நாடித்துடிப்பு, கணுக்கால்: எடையைக் காலையில் சிறுநீர் கழித்த பின் பாருங்கள். கணுக்காலுக்குச் சற்று மேலே எலும்பின்மேல் கட்டைவிரலால் பத்து நொடி அழுத்தி, குழி விழுகிறதா என்று பாருங்கள். சிலருக்கு மாத்திரைக்கு முன்பே குழி விழும். நாள் முழுக்க நின்று வேலை செய்பவர்களுக்கும், தொடையிலோ கெண்டைக்காலிலோ நரம்பு சுருட்டல் இருப்பவர்களுக்கும் அப்படித்தான்.

டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டியவை: கர்ப்பம் அல்லது கர்ப்பத் திட்டம், நெஞ்சுவலி வரலாறு, இதய வால்வு சுருக்கம், கண்புரை அறுவை சிகிச்சைக்குத் தேதி குறித்திருப்பது. கடைசியாகச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பிரசோசின் வகை மாத்திரைகள் கண்ணின் கருவிழித்திரையைத் தளர்த்தும் என்பதால் கண் டாக்டருக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

3. முதல் வேளை

பிரசோசின் தொடங்கும்போது முதல் வேளையைப் படுக்கைக்குப் போகும்போது மட்டும் போடுங்கள். தொடக்க அளவும் குறைவாகவே எழுதப்பட்டிருக்கும். காரணம், முதல் வேளை போட்ட அரை மணியிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் சிலருக்குப் பிரஷர் சட்டென்று விழும். நிற்கும்போது கால்களில் ரத்தம் தேங்கி மூளைக்குப் போவது குறையும். காலையில் இட்லியோடு முதல் மாத்திரையைப் போட்டுவிட்டு பஸ் ஸ்டாண்டில் நிற்பது கீழே விழுவதற்கான வழி. அன்று இரவு பாத்ரூம் போக எழுந்தால் முதலில் கட்டில் ஓரத்தில் ஒரு நிமிடம் உட்காருங்கள், பிறகு எழுந்திருங்கள். விளக்கு எரியட்டும். ஆண்கள் அன்று உட்கார்ந்தே சிறுநீர் கழிப்பது நல்லது.

நீர் மாத்திரை (உடம்பின் உப்பையும் நீரையும் சிறுநீராக வெளியேற்றுவது) ஏற்கெனவே சாப்பிடுபவர்களுக்கு இந்த முதல் வேளை வீழ்ச்சி இன்னும் வேகமாக வரலாம். இதைச் சீட்டு எழுதும்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.

அம்லோடிபினுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அது மெதுவாக ஏறும். போட்ட 6 முதல் 12 மணி நேரத்தில்தான் ரத்தத்தில் உச்சத்துக்கு வரும். சாப்பாட்டுக்கு முன்னா பின்னா என்பது பொருட்டில்லை. தினமும் ஒரே நேரம் என்பது மட்டும் பொருட்டு.

பெயரின் கடைசியில் எக்ஸ்எல், எஸ்ஆர், ரிடார்ட் என்று இருந்தால் உடைக்காதீர்கள், மெல்லாதீர்கள். ஒரு நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக வெளிவர வேண்டியது ஒரே நேரத்தில் கொட்டிவிடும். இவற்றில் சிலவற்றின் கூடு மட்டும் முழுசாக மலத்தில் வரும். மாத்திரை கரையவில்லை என்று பயந்து இன்னொன்று போட வேண்டாம். மருந்து உள்ளே இறங்கிவிட்டது, வெளியே வந்தது வெறும் ஓடு.

4. முதல் இரண்டு வாரம்

மூன்றாம் நாள் அளந்துவிட்டு "குறையவே இல்லை" என்று வருபவர்கள் ஏராளம். அம்லோடிபின் உடம்பில் பாதியாகக் குறைய 30 முதல் 50 மணி நேரம் ஆகும். தினமும் போட்டாலும் ரத்தத்தில் அதன் அளவு நிலைப்பட ஏழெட்டு நாள் வேண்டும். அதற்கு முன் அளவைக் கூட்டினால், ஒரு வாரம் கழித்து இரண்டு அளவும் சேர்ந்து வேலை செய்து பிரஷரை அதிகமாக இறக்கிவிடும்.

இந்த நாட்களில் தலைவலி, முகம் சூடாகிச் சிவப்பது, படபடப்பு வரலாம். தலையிலும் முகத்திலும் உள்ள குழாய்கள் விரிவதுதான் காரணம். பெரும்பாலும் சில நாளில் அடங்கிவிடும். தலைவலி தாங்கவில்லை என்றால் பாராசிட்டமால் போதும். ஐபூபுரூஃபன், டைக்ளோஃபெனாக் கலந்த வலி மாத்திரைகளைத் தவிருங்கள். அவை சிறுநீரகத்தை உப்பையும் நீரையும் பிடிக்க வைத்துப் பிரஷரை ஏற்றும். ஒரு கையால் இறக்கிக்கொண்டே மறு கையால் ஏற்றுவதில் பயன் இல்லை.

கோடையில் தொடங்குபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். வெயிலே தோலின் குழாய்களை விரிக்கிறது, வியர்வையில் நீரும் போகிறது, அதன்மேல் மாத்திரை. சித்திரை வெயிலில் கோயில் வரிசையில் நிற்பது, சுடுநீரில் நீண்ட நேரம் குளிப்பது, சாப்பிடாமல் விரதம் இருப்பது எல்லாமே கிறுகிறுப்பைக் கூட்டும்.

இங்கே ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பிரஷர் 190 என்று காட்டியதும் நிஃபெடிபின் கேப்ஸ்யூலை ஓட்டை போட்டு நாக்குக்கு அடியில் பிழியும் பழக்கம் இன்னும் சில இடங்களில் இருக்கிறது. செய்யவே கூடாது. பிரஷர் எவ்வளவு வேகமாக, எந்த அளவுக்கு விழும் என்பதை யாராலும் கட்டுப்படுத்த முடியாது. பல வருடமாக உயர்ந்த பிரஷருக்குப் பழகிய மூளைக்கும் இதயத்துக்கும் ரத்தம் சட்டென்று குறைந்தால் பக்கவாதமும் மாரடைப்பும் வரலாம். வந்தும் இருக்கின்றன. நெஞ்சுவலி போன்ற அறிகுறி எதுவும் இல்லாமல் எண் மட்டும் கூடியிருந்தால், அமைதியாக உட்கார்ந்து ஐந்து நிமிடம் கழித்து மறுபடி அளந்து டாக்டரைக் கூப்பிடுவதுதான் சரியான முறை.

5. கால் வீக்கம் வந்தால்

அதிகமானோர் மாத்திரையை நிறுத்தும் இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நின்று பார்க்கலாம்.

அம்லோடிபின் தமனிப் பக்கத்தை விரிக்கிறது, சிரைப் பக்கத்தை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வரும் வாய்க்காலை அகலமாக்கிவிட்டு வடிகாலைக் குறுகலாகவே விட்டது போல. நடுவில் இருக்கும் நுண்குழாய்களில் அழுத்தம் கூடி, நீர் கசிந்து கணுக்காலில் தேங்குகிறது. ஆக, உடம்பில் மொத்த நீர் கூடியதால் வந்த வீக்கம் இது அல்ல. நீர் மாத்திரை போட்டால் சரியாக வடியாததற்கும் இதுதான் காரணம்.

அளவு கூடக் கூட வீக்கமும் கூடும். மருந்தின் ஆய்வுகளில் 5 மி.கி. சாப்பிட்டவர்களில் 100க்கு 3 பேருக்கும், 10 மி.கி. சாப்பிட்டவர்களில் 100க்கு சுமார் 11 பேருக்கும் வீக்கம் வந்தது. பெண்களுக்கு ஆண்களைவிட அதிகம்.

முதலில் செய்ய வேண்டியது, இது மாத்திரை வீக்கம்தானா என்று பார்ப்பது. மாத்திரை வீக்கம் இரண்டு காலிலும் வரும், சாயங்காலம் கூடும், இரவு காலை உயர்த்திப் படுத்தால் காலையில் குறையும், எடை பெரிதாக ஏறாது. மாத்திரை தொடங்கிய அல்லது அளவு கூட்டிய சில வாரங்களில் ஆரம்பித்திருக்கும். இங்கேதான் இரண்டாம் படியில் எழுதிய குறிப்பு உதவும்.

ஒரு காலில் மட்டும் வீக்கம், அதோடு வலியும் சூடும் என்றால் அது ரத்தக்கட்டியாக இருக்கலாம். அன்றே பார்க்க வேண்டும். மூச்சு வாங்குவது, தலையணையை உயர்த்தினால்தான் தூங்க முடிவது, எடை சில நாளில் ஏறுவது ஆகியவை இதயத்தைச் சோதிக்கச் சொல்லும் அறிகுறிகள். காலையில் எழுந்ததும் முகமும் கண்ணைச் சுற்றியும் உப்பியிருந்தால் சிறுநீரகத்தைச் சோதிக்க வேண்டும்.

மாத்திரை வீக்கம்தான் என்று டாக்டர் முடிவு செய்தால் அவர் முன் சில வழிகள் இருக்கின்றன. அளவைக் குறைப்பது, டெல்மிசார்ட்டன் போன்ற ஒன்றைச் சேர்ப்பது, சில்னிடிபினுக்கு மாற்றுவது, இல்லையென்றால் வேறு வகைக்கே போவது. டெல்மிசார்ட்டனைச் சேர்த்தால் வீக்கம் குறையக் காரணம், அது வடிகால் பக்கத்தையும் விரிப்பதுதான். அதுவரை காலை உயர்த்தி வையுங்கள், நடங்கள், ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள்.

பெரிய தவறு என்னவென்றால், வேறொரு டாக்டரிடம் போய் "கால் வீங்குது" என்று மட்டும் சொல்வது. அம்லோடிபின் சாப்பிடுவதைச் சொல்லாவிட்டால் நீர் மாத்திரை எழுதப்படும். அதனால் பொட்டாசியம் குறையும், அதற்கு ஒரு மருந்து. இரவில் அடிக்கடி சிறுநீர் போகும், அதற்கு ஒரு மருந்து. "இந்தத் தேதியில் இந்த மாத்திரை தொடங்கினேன், இந்தத் தேதியில் வீக்கம் வந்தது" என்ற ஒரே வாக்கியம் இந்தச் சங்கிலியை அறுத்துவிடும்.

இதே வகை மாத்திரையில் ஈறு தடிப்பதும் உண்டு. பல் துலக்கும்போது ரத்தம் வருவதும் ஈறு பல்லின்மேல் ஏறுவதும் தெரிந்தால் பல் டாக்டரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லுங்கள்.

6. ஹைட்ரலசின், மினாக்சிடில் எழுதப்பட்டிருந்தால்

இவை தனியாக வராது, வரவும் கூடாது. மினாக்சிடிலோடு பெரும்பாலும் இதயத் துடிப்பைக் கட்டுப்படுத்தும் மாத்திரை ஒன்றும், நீர் மாத்திரை ஒன்றும் சேர்ந்தே இருக்கும். முன்னால் சொன்ன இரண்டு எதிர்வினைகளும் இங்கே மிக வலுவாக இருப்பதால், ஒன்று துடிப்பை அடக்க, இன்னொன்று நீரை வெளியேற்ற. "இத்தனை மாத்திரையா" என்று மூன்றில் ஒன்றை மட்டும் விட்டுவிடுவது, மூன்றையும் விடுவதைவிட மோசமாகக்கூடும்.

மினாக்சிடில் சாப்பிடுபவர்கள் தினமும் எடை பார்க்க வேண்டும். இரண்டு கிலோவுக்கு மேல் சட்டென்று ஏறினால் காத்திருக்கக் கூடாது. இதயத்தைச் சுற்றியும் நீர் சேரலாம். மூச்சுத் திணறலும் நெஞ்சு கனமும் அதன் அடையாளம்.

முடி வளர்வது இன்னொன்று. தொடங்கி மூன்று முதல் ஆறு வாரத்தில் நெற்றி, கன்னம், கை என்று முடி தென்படும். பெரும்பாலானோருக்கு வரும், நிறுத்தினால் சில மாதங்களில் போய்விடும். பெண்களுக்கு இது பெரிய மனவேதனை. முதலிலேயே சொல்லாமல் கொடுப்பது நியாயமில்லை என்பது என் கருத்து. தலைமுடி உதிர்வுக்குத் தோல் டாக்டர்கள் இதே மினாக்சிடிலைச் சிறிய அளவில் மாத்திரையாகவும் எழுதுகிறார்கள். அதைச் சாப்பிடுபவர்கள் பிரஷர் டாக்டரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

ஹைட்ரலசினை ஒரு நாளைக்குப் பல வேளை போட வேண்டியிருக்கும். வேளை தவறினால் பிரஷர் ஏறி இறங்கும். மாதக்கணக்கில் சாப்பிடும்போது மூட்டுவலி, காய்ச்சல், தோல் தடிப்பு வந்தால் அதை வேறு நோய் என்று நினைக்காதீர்கள். லூபஸ் (உடம்பின் எதிர்ப்பு சக்தியே உடம்பைத் தாக்கும் நோய்) போன்ற ஒரு நிலையை இந்த மருந்து உண்டாக்கலாம். ஒரு நாளைக்கு 200 மி.கி.க்கு மேல் போனால் வாய்ப்பு கூடுதல். டாக்டர் மேற்பார்வையில் மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

7. எதனோடு சேரக் கூடாது

ஆண்மைக் குறைவுக்கான சில்டெனாஃபில், டாடாலாஃபில் மாத்திரைகளும் குழாயை விரிப்பவைதான். நெஞ்சுவலிக்கு ஐசோசார்பைடு அல்லது நைட்ரோகிளிசரின் சாப்பிடுபவர்கள் அவற்றைத் தொடவே கூடாது. பிரஷர் உயிருக்கு ஆபத்தான அளவுக்கு விழும். பிரசோசினோடும் டாக்டர் அனுமதி இல்லாமல் வேண்டாம். இதைக் கேட்க வெட்கப்பட்டு நண்பர் கொடுத்ததைப் போட்டுக்கொள்பவர்கள்தான் மாட்டிக்கொள்கிறார்கள். மருந்தாளுநரிடம் தனியாகக் கேளுங்கள், தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டோம்.

மது குழாயை விரித்துக் கிறுகிறுப்பைக் கூட்டும். மூக்கடைப்புக்கான சளி மாத்திரைகளில் இருக்கும் ஃபினைலெஃப்ரின் குழாயை இறுக்கும். கொலஸ்ட்ராலுக்குச் சிம்வாஸ்டாட்டின் சாப்பிடுபவர்கள் அம்லோடிபினோடு 20 மி.கி.யைத் தாண்டக் கூடாது. கிளாரித்ரோமைசின் ஆன்டிபயாட்டிக் அம்லோடிபின் வெளியேறுவதைத் தடுத்துப் பிரஷரை அதிகம் இறக்கலாம்.

8. மறந்தால், தீர்ந்தால், விட்டுப்போனால்

அம்லோடிபினை மறந்து 12 மணி நேரத்துக்குள் நினைவு வந்தால் போடுங்கள். அதைத் தாண்டினால் அன்றையதை விட்டுவிட்டு மறுநாள் வழக்கமான நேரத்தில் ஒன்று மட்டும். இரண்டாகச் சேர்த்துப் போடக் கூடாது.

இந்த மருந்து மெதுவாக வெளியேறுவதால், நிறுத்திய முதல் இரண்டு நாள் பிரஷர் அவ்வளவாக ஏறாது. "மாத்திரை இல்லாமலே நன்றாக இருக்கிறதே" என்ற எண்ணம் அங்கே பிறக்கிறது. ஒரு வாரம் கழித்து அளந்தால் உண்மை தெரியும். அட்டையில் ஏழு மாத்திரை மிச்சம் இருக்கும்போதே அடுத்ததை வாங்கி வையுங்கள். 'மக்களைத் தேடி மருத்துவம்' வழியாக வீட்டுக்கு மாத்திரை பெறுபவர்கள், வெளியூர் போகும் முன் ஊழியரிடம் சொல்லி வையுங்கள்.

பிரசோசின் விஷயம் வேறு. சில நாள் விட்டுப்போனால் பழைய அளவில் நேராகத் தொடங்காதீர்கள். முதல் வேளை வீழ்ச்சி மறுபடி வரும். டாக்டரைக் கேட்டு, சின்ன அளவில், இரவில் மீண்டும் ஆரம்பிக்க வேண்டும்.

வாந்தி, வயிற்றுப்போக்கு வந்து தண்ணீர்கூட நிற்காத நாளில் அன்றைய மாத்திரையைப் போடலாமா என்று போனிலாவது கேளுங்கள். உடம்பில் நீர் வற்றியிருக்கும்போது வழக்கமான அளவே அதிகமாகிவிடும். கூட டெல்மிசார்ட்டனோ நீர் மாத்திரையோ இருந்தால் சிறுநீரகமும் அடிவாங்கும்.

9. உடனே போக வேண்டிய நேரங்கள்

மயங்கி விழுந்தால் முதலில் படுக்க வைத்துக் காலை உயர்த்துங்கள். நினைவு திரும்பும்வரை வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். தூக்கி உட்கார வைக்கவும் வேண்டாம், மூளைக்குப் போகும் ரத்தம் இன்னும் குறையும்.

நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், ஒரு பக்கக் கை கால் மரத்துப் போவது, வாய் கோணுவது, பேச்சுக் குழறல், பார்வை மங்கல் வந்தால் பிரஷர் எண்ணைப் பார்த்துக்கொண்டு நிற்காமல் 108ஐக் கூப்பிடுங்கள். ராமிப்ரில், எனலாப்ரில் சாப்பிடுபவருக்கு உதடோ நாக்கோ வீங்கினால் அதுவும் அவசரம், மூச்சுக்குழாய் அடைபடலாம். அடுத்த வேளையைப் போட வேண்டாம்.

ஆம்புலன்ஸ் வரும்வரை கிடைக்கும் நேரத்தில் அவர் சாப்பிடும் எல்லா அட்டைகளையும் பையில் எடுத்து வையுங்கள். கடைசியாக எந்த மாத்திரையை எத்தனை மணிக்குப் போட்டார் என்பதை ஒரு தாளில் எழுதி அதோடு கொடுத்துவிடுங்கள்.